மைக்கில் நீ கேட்ட கேள்வி

பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் இரண்டு பைகளை நீட்டினாள். கறுப்பு ரெக்சின் பை. உள்ளே ஒரு நோட்பேடு, ஒரு பேனா, நிகழ்ச்சி நிரல், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. இரண்டாவது அட்டையில் உன் பெயர் இருந்தது. போன வருஷத்துப் பெயர்களை அப்படியே எடுத்து அச்சடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"அவங்க பின்னாடி வர்றாங்களா மேடம்? நீங்களே வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

புது ரெக்சின் வாடை மூக்கில் ஏறியது. நீ பையைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இந்த வருஷம் பரவால்லடி, போன வருஷம் செருப்புக் கடை மாதிரி இருந்துச்சு" என்று சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் இருந்தவர் "மேடம், கொஞ்சம் நகருங்க" என்றார். இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நீ இல்லை என்று அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பாள், நான் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது மதியச் சாப்பாடு முடிந்த அமர்வு. புதுச்சேரி ஓட்டல் ஒன்றின் குளிரூட்டப்பட்ட ஹாலில், செயற்கை நுண்ணறிவு வந்து வக்கீல்களின் பிழைப்பில் மண்ணைப் போடுமா போடாதா என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் போனில் கேஸ் லிஸ்ட் பார்க்கிறார்கள். குறிப்பு எடுப்பதுபோல் நான் இந்த நோட்பேடில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ போன பிறகு நான் வரும் முதல் மாநாடு இது. வந்திருக்கவே வேண்டாம். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும், அதைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் தோன்றவில்லை.

போன மாநாட்டில் நீ மைக்கில் கேட்ட அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டாய்?

நாம் ஏன் மாநாடுகளுக்குப் போக ஆரம்பித்தோம் என்பது உனக்கு நினைவிருக்கும். திண்டிவனம் கோர்ட்டில் அப்போது தினமும் வந்து போகும் பெண் வக்கீல்கள் என்றால் நீயும் நானும்தான். வக்கீல் சங்கச் செயலாளர் ஒருநாள் நம் இருவரையும் கூப்பிட்டார். "சென்னையில மாநாடும்மா. நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். குரூப் போட்டோவுல முன்னாடி லேடீஸ் இல்லன்னா நல்லா இருக்காது" என்றார். அதில் எந்த ஒளிவுமறைவும் கிடையாது. எல்லா ஊர்ச் சங்கங்களும் அப்படித்தான் இரண்டு பெண்களை அனுப்பும். முன்வரிசையில் நாற்காலி போட்டு நம்மைச் சிறப்பு விருந்தினருக்கு இரண்டு பக்கமும் உட்கார வைப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வரமாட்டேன் என்றேன். நீதான் இழுத்துக்கொண்டு போனாய்.

"போட்டோவுக்குத்தான் கூப்பிடுறாங்க. சரி, போறோம். போறது போறோம், ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுட்டு வருவோம்டி" என்றாய்.

நான் கேட்டதே இல்லை. ஒரு மாநாட்டிலும் கேட்டதில்லை. கோர்ட்டில் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு ஹால் நடுவில் கேள்வி கேட்க வைத்திருக்கும் அந்த மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ அப்படியில்லை. பேச்சாளர் "ஆகவே" என்று முடிவுரைக்கு வரும்போதே எழுந்துபோய் மைக் அருகில் நின்றுவிடுவாய். மற்றவர்கள் கேள்வி என்ற பெயரில் தாங்கள் எந்த ஊர், எத்தனை வருஷ அனுபவம், எந்தெந்த வழக்கில் ஜெயித்தோம் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றி முடிப்பார்கள். "நேரமின்மை காரணமாக" என்று தொகுப்பாளர் ஆரம்பிப்பதற்குள் உன் கேள்வி முடிந்திருக்கும். ஒரே வாக்கியம்தான். அதற்குப் பதில் சொல்லப் பேச்சாளருக்குத் தண்ணீர் தேவைப்படும். நீ திரும்பி வந்து உட்கார்ந்து, பதிலைக் கேட்டும் கேட்காமலும் பிஸ்கெட் சாப்பிடுவாய். அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்கும். பொறாமையும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நம் தொழில் நம்மை எதிரெதிரே நிறுத்தியது. சிறிய கோர்ட்டில் வேறு வழியும் இல்லை. வருகிற கட்சிக்காரர்களில் பெண்கள் உன்னிடமோ என்னிடமோதான் வருவார்கள், ஒருத்தியிடம் மனைவி வந்தால் இன்னொருத்தியிடம் மாமியார் வருவாள். "எதிர்த்தரப்புக் கற்றறிந்த வழக்கறிஞர் இந்த நீதிமன்றத்தைத் திசைதிருப்பப் பார்க்கிறார்" என்று காலையில் என்னை நோக்கிக் கையை நீட்டுவாய். மதியம் என் டிபன் டப்பாவிலிருந்து மீன் வறுவலை எடுத்துத் தின்பாய். புதிதாக வந்த நீதிபதிகளுக்கு இது புரியவே ஆறு மாதம் ஆகும்.

மாநாடுகளுக்கு உன் காரில்தான் போவோம். அனுமந்தையிலிருந்து நீ கிளம்பி வந்து, மரக்காணத்தில் என்னை ஏற்றிக்கொள்வாய். முதல் பயணத்திலேயே நீ ஒரு சட்டம் போட்டாய். காரிலும் மாநாட்டிலும் கேஸ் பேசக்கூடாது. மாநாட்டில் யார் எதைப் பேசினாலும் அது அங்கேயே முடிந்துவிட வேண்டும், கோர்ட்டுக்குள் வரக்கூடாது. நான் அதை விளையாட்டு என்று நினைத்து, கூனிமேட்டுப் பாகப்பிரிவினை வழக்கைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். நீ ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை உப்பளத்து ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டாய்.

"இன்னாடி ஆச்சு?"

"நீ வேற எதையாவது பேசு, வண்டி கிளம்பும்."

நல்ல வெயில். ஏசியும் இல்லை. நான் பிடிவாதமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் புடவை எங்கே எடுத்தது என்று கேட்டேன். வண்டி கிளம்பியது. அதன்பின் இத்தனை வருஷத்தில் நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. நீயும் மீறியதில்லை என்றுதான் மாமல்லபுரம் மாநாட்டுக்குப் போகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலாட்சியின் வழக்கு என்னிடம் வந்தது அதற்குக் கொஞ்ச காலம் முன்னால். உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள் அவர்கள். ஊரிலிருந்து அளத்துக்குப் போக, கழிவெளி ஏரி ஓரமாக ஒரு மண்வழி உண்டு. அந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, விருந்தினர் தங்கும் குடில்கள் கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, வழியில் இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். பெண்கள் மெயின் ரோட்டைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கினால்தான் உப்பு வார முடியும். சுற்றிப் போனால் வெயிலோடுதான் போய்ச் சேரவேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்குப் பதில் மேஸ்திரி வேறு ஆள் வைத்துக்கொண்டார். அஞ்சலாட்சிக்கும் அவளோடு போனவர்களுக்கும் வேலை பாதியாகக் குறைந்துபோனது. வழி திறக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடப்போவதில்லை.

குடில்காரர் உன் கட்சிக்காரர். அனுமந்தையில் பிறந்த நீ அந்தப் பக்கம் நிற்கிறாயே என்று எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. உன் பதில் எனக்குத் தெரியும், வேறொரு வழக்கில் வேறொருவரிடம் நீ சொன்னதுதான். "யாரு முதல்ல வந்து படியேறுறாங்களோ அவங்களுக்குத்தாங்க நான் வக்கீல். ஆளப் பார்த்து கேஸ் எடுத்தா அதுக்குப் பேரு வேற."

என் பக்கத்து வழக்கில் ஓர் ஓட்டை இருந்தது. எனக்கு முன்னால் அதை நடத்திய வக்கீல், இந்தப் பெண்கள் நெடுங்காலமாக நடந்துவருவதால் அவர்களுக்கு அந்த வழியில் அனுபவ உரிமை உண்டு என்று எழுதியிருந்தார். அவர் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கியபின் வழக்கு என்னிடம் வந்தபோது, என் தரப்புச் சாட்சிகளின் விசாரணையே நடந்துகொண்டிருந்தது. அனுபவ உரிமை என்றால், எந்த நிலத்துக்குப் போவதற்காக இந்த வழி, அந்த நிலம் யாருடையது என்று சட்டம் கேட்கும். அளம் முதலாளியுடையது. இவர்களுக்கு அங்கே ஒரு பாத்திகூடச் சொந்தமில்லை. இந்த வருஷம் வருகிறவள் அடுத்த வருஷம் வராமலும் போவாள். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. நீ குறுக்கு விசாரணையில் அஞ்சலாட்சியிடம், "அங்க உனக்கு நிலம் இருக்குதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாய். "எனக்கு ஏதும்மா நிலம்?" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வழக்கு முடிந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மாமல்லபுர மாநாடு அதற்கடுத்து வந்தது. நிலமும் வழக்கமும் என்று ஓர் அமர்வு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பேசினார். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அவர் முடிப்பதற்கு முன்பே எழுந்து போனாய்.

"சார், சொந்தமா நிலமே இல்லாதவங்க, வருஷத்துக்கு வருஷம் மாறிக்கிட்டே இருக்கற கூலி ஜனங்க ஒரு வழியில நடந்துட்டு இருந்தா, அதைத் தனிப்பட்ட உரிமையா கேக்காம ஊர் வழக்கமா கேக்கலாமா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"தனிப்பட்ட உரிமையாகக் கேட்டால் நிற்காது. ஊர் வழக்கமாகக் கேட்டால் நிற்க வாய்ப்பு இருக்கிறது. ஆட்கள் மாறலாம், ஊர் மாறுவதில்லை. இப்படிக் கேட்க வேண்டிய வழக்குகளைப் பலரும் வேறு மாதிரி எழுதிக் கெடுத்துவிடுகிறார்கள்" என்றார்.

என் வழக்கின் ஓட்டையும் அதற்கான அடைப்பும் ஐந்நூறு பேர் இருக்கும் ஹாலில் ஒலிபெருக்கியில் வந்தன. நீ திரும்பி வந்து உட்கார்ந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டாய்.

"லஞ்ச்சுக்கு இன்னாவாம்? வஞ்சிரம் போடுவாங்களா?" என்றாய்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் நீ பேசினாய். உன் மகளின் ஹாஸ்டல் சாப்பாடு, உன் வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய மீன் தொட்டி, அதில் செத்துப்போன மீன்கள். நான் ஊம் கொட்டினேன். கேட்க வாய்வரை வந்தது. ஆனால் கேட்டால் நீ வண்டியை நிறுத்திவிடுவாய் என்று, வாழ்நாளெல்லாம் கோர்ட்டில் கத்துகிறவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அடக்கிக்கொண்டேன். மரக்காணத்தில் இறக்கிவிட்டு, "வர்றேன்டி" என்றாய். அப்புறம் கோர்ட் வராந்தாவில் ஓரிரு தடவை பார்த்துக்கொண்டோம், சுற்றிலும் ஆட்கள். சரி, அடுத்த மாநாடு முடிந்து வரும்போது கேட்டுக்கொள்ளலாம், சட்டமாவது கிட்டமாவது என்று நினைத்திருந்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் உனக்கு மாரடைப்பு. காலையில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "உங்க ஃப்ரெண்டு போயிட்டாங்க" என்றார். கோர்ட்டில் இரங்கல் கூட்டம் நடந்தபோது என்னைத்தான் பேசச் சொன்னார்கள். எதிரணியில் நின்றே பழகிய என்னால் உன்னைப் புகழ்ந்து ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டு உட்கார்ந்தேன்.

அழுகை ஓய்ந்தபின் குழப்பம் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

மனுவைத் திருத்த வேண்டும். ஊர் வழக்கம் என்று மாற்றி எழுத வேண்டும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் உட்கார்ந்து எழுதப்போனால் கை ஓடவில்லை. நீ எனக்காகத்தான் அதைக் கேட்டாய் என்றால், உன்னை நம்பிப் பணம் கொடுத்து அமர்த்திய மனிதரை நீ கைவிட்டாய் என்று ஆகிறது. நீ அப்படிப்பட்ட வக்கீல் இல்லை. உன் எந்தக் கட்சிக்காரரையும் நீ விற்றதில்லை, அதற்கு எதிர்த்தரப்பில் நின்று அடிவாங்கிய நானே சாட்சி. எனக்காக இல்லை, உன் வழக்கில் இப்படி ஓர் ஆபத்து வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய் என்றால், மாநாட்டில் காதில் விழுந்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் நான்தான் உன் சட்டத்தை மீறுகிறேன். அதுவும் நீ பதில் சொல்ல முடியாத நேரத்தில். ஒன்று நீ நேர்மை தவறியிருக்க வேண்டும், இல்லையென்றால் நான் தவற வேண்டும். இதில் எதை நம்புவது? சில நாள் உன்மேல் கோபம் வந்தது. போகிற போக்கில் இப்படி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாளே என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலாட்சி வீட்டுக்கே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, உப்புத் தரையின் வெளிச்சத்தில் நின்று நின்று வந்த சிவப்பு.

"வக்கீலம்மா, கேஸ் இன்னாதாம்மா ஆச்சு? மேஸ்திரி இப்பவே ஆள் எழுதறாரு. உங்களுக்கு வழி இருக்குதா இல்லியான்னு கேக்கறாரு. இன்னா சொல்லட்டும்?"

அவளிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வழி தெரிந்திருக்கிறது, அதை எனக்குச் சொன்னது எதிர்ப்பக்கத்து ஆள், அவர் இப்போது இல்லை, அதனால் யோசிக்கிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இவளுக்கு இருப்பது சோற்றுப் பிரச்சினை, நான் என் சிநேகிதிப் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"செத்துப்போன அந்த அனுமந்தை வக்கீலம்மாவா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"நல்ல அம்மாதான். கூண்டுல என்னைக் கேள்வி கேட்டப்ப மரியாதையா கேட்டாங்க. ஆனா எனக்கு அவங்க மனசுல இன்னா இருந்துச்சுன்னு தெரிஞ்சு இன்னாம்மா ஆகணும்? எனக்கு வழி வேணும்."

மறுநாள் மனுவை எழுதிவிட்டேன். குழப்பம் தீர்ந்து எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. குழப்பத்தோடுதான் எழுதினேன். நான் அவளுக்கு வக்கீல், உனக்கு இல்லை. அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வழக்கு முடியும்வரை காலையில் கேட்டைத் திறந்துவைக்க வேண்டும் என்று இடைக்கால மனு ஒன்றையும் சேர்த்துப் போட்டேன்.

விசாரணை அன்று உன் இடத்தில் ஜெனிபர் நின்றாள். உன்னிடம் ஜூனியராக இருந்து, இப்போது உன் கேஸ் கட்டுகளையெல்லாம் எடுத்து நடத்துகிறவள். அவள் எழுந்து பேச ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாட்சி விசாரணை தொடங்கியபின் இப்படித் திருத்தம் கேட்க முடியாது, இந்த விவரமெல்லாம் இவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும், இது வழக்கின் தன்மையையே மாற்றுகிறது என்று அடுக்கினாள். ஒவ்வொன்றும் உன் வரிசை. உன்னைப் போலவே சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொண்டாள். யோசிக்க நேரமில்லாமல் வந்த வாதம் இல்லை அது. யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து கட்டிவைத்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீதிபதி அவளிடம் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. உங்க தரப்புச் சாட்சி இன்னும் கூண்டு ஏறவே இல்லையே. திருத்தத்தை அனுமதிச்சா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஜெனிபர் கட்டைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பதில் எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் கட்டைத் தொடாமலே சொல்லியிருப்பாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளை எல்லாம் குறுக்கு விசாரணை செய்து முடித்தாகிவிட்டது, அவர்களுக்கு நிலமில்லை என்று அவர்கள் வாயாலேயே வாங்கியாகிவிட்டது, இப்போது மாற்றினால் என் கையில் இருந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி சண்டைக்கு வா என்பதுபோல் இருக்கிறது, நஷ்டம் இதுதான் என்று. அந்த நீதிபதி அதைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பார். தள்ளுபடி செய்திருக்கவும் கூடும். செய்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உன் வாக்கியம் உன் குரலிலேயே என் வாய்க்குள் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எடுத்துக்கொடுப்பது என் வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வேற ஒண்ணும் இல்லன்னா அனுமதிக்கிறேன்" என்றார் நீதிபதி. இரும்புக் கேட்டும் காலையில் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவானது.

வராந்தாவில் ஜெனிபர் என்னிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, நீங்க இந்த மனு போடுவீங்கன்னு மேடம் சொல்லிட்டுதான் போனாங்க."

"எப்ப சொன்னா?"

"மாமல்லபுரத்துல இருந்து வந்த மறுநாளே. 'அவ காதுல விழுந்துடுச்சு, விட மாட்டா, மனு போடுவா. போட்டா இப்படி இப்படி எதிர்க்கணும்'னு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க. கடைசியா ஒரு பாயிண்ட் இருக்குது, அதுதான் முக்கியம், அப்புறமா சொல்றேன்னாங்க. அப்புறம் எங்கக்கா..." அவள் கேஸ் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எனக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை. "எப்படிச் சொன்னா? கோவமாவா சொன்னா?" என்று கேட்டேன்.

"சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா மேடம் கோவம் வந்தாலும் சிரிப்பாங்களேக்கா."

உண்மைதான், நீ கோபத்திலும் சிரிப்பாய்.

"அந்தக் கடைசி பாயிண்ட் இன்னான்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"கேஸ் முடியட்டும். அப்புறம் கேளு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஆக, சாவியை மைக்கில் எல்லார் முன்னாலும் வைத்தாய். மறுநாள் போய்ப் பூட்டையும் பலப்படுத்தினாய். இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிட்டு, உன் கட்சிக்காரருக்கும் துரோகம் செய்யாமல், வாடி, வந்து மோது என்று கூப்பிட்டாயா? அப்படித்தான் நம்ப எனக்கு ஆசை. இல்லை, உன் பக்கத்து ஆபத்தைத் தெரிந்துகொள்ளப் போய் அவசரத்தில் என் காதில் போட்டுவிட்டு, வண்டியில் மீன் தொட்டியைப் பற்றிப் பேசி மறைத்து, மறுநாள் ஓடிப்போய்ச் சேதத்தைச் சரிக்கட்டினாயா? அதுவும் நடந்திருக்கலாம். நீ நினைத்திருந்தால் அந்த நீதிபதியைச் சாப்பாட்டு வரிசையில் தனியாகப் பிடித்துக் கேட்டிருக்கலாமே, ஏன் மைக்கில் கேட்டாய்? ஆனால் நீ எந்தக் கேள்வியைத்தான் மைக்கில் கேட்காமல் இருந்தாய்? இப்படியே ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டு பக்கமும் வாதாடுகிறேன். உன் பக்கம் வாதாடும்போது நன்றாகவே வாதாடுகிறேன். தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை.

உத்தரவு அமலுக்கு வந்த காலையில் நான் அங்கே போயிருந்தேன். வக்கீல் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான். பெண்கள் தூக்குச்சட்டியும் காலுக்கு உறையுமாக வரிசையாக வந்தார்கள். பேச்சும் சிரிப்பும் அதிகமாக இல்லை, நேரமாகிவிட்டது என்ற அவசரம்தான் இருந்தது. ஒருத்தி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அஞ்சலாட்சி மட்டும் என்னருகே நின்றாள்.

"அந்தம்மா இருந்திருந்தா இன்னிக்கு நம்மள விட்டிருப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரியலம்மா. நீ போ, வெயில் வந்துடும்" என்றேன்.

தெரியும். நீ எனக்காகக் கேட்டாயா, உனக்காகக் கேட்டாயா என்பதுதான் தெரியாது. இது தெரியும். நீ இருந்திருந்தால் நீதிபதியின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாய், நான் தோற்றிருப்பேன், கேட் பூட்டியே இருந்திருக்கும். அவர்கள் அந்த வழியில் நடந்து போவதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நீ செத்துப்போனதால் கிடைத்த சந்தோஷம் அது. இதை நான் அஞ்சலாட்சியிடம் சொல்ல முடியாது, ஜெனிபரிடம் சொல்ல முடியாது, உன் வீட்டுக்காரரிடம் சொல்லவே முடியாது. கேட்டால் சிரிக்கக்கூடியவள் நீ ஒருத்திதான்.